பீடியை விடக் கை கொடுக்கும் மருந்து

(மைசூரு நகரில், தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஒரு தெருவில், வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டத்தில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் பேசியது.)

 

எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. மூட்டை தூக்கித்தான் பழக்கம். பண்டிப்பாளையா மார்க்கெட்டில் முப்பது வருடத்துக்கு மேல் மூட்டை தூக்கியவன் நான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. நாற்பது வயதுக்குப் பிறகுதான் இது போன்ற ஒரு வட்டத்தில் அ, ஆ எழுதினேன். அதனால் உங்களில் ஒருவனாகத்தான் பேசுகிறேன்.

இன்று பீடி, சிகரெட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். இங்கே பீடி குடிப்பவர்கள் இருப்பீர்கள். சட்டைப் பையை மறைக்க வேண்டாம். நான் யாரையும் திட்ட வரவில்லை. ஒருவரைத் திட்டியதால் எனக்கு வந்த மனக்கஷ்டத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் அண்ணன்

எனக்கு ஓர் அண்ணன் இருந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். தச்சு வேலை செய்தார். நல்ல உழைப்பாளி.

ஆடி மாதம் வந்தால் வெள்ளிக்கிழமைகளில் சாமுண்டி மலைக்குப் படி ஏறிப் போவார். அங்கே ஆயிரம் படிக்கு மேல் இருக்கிறது. நடுவில் பெரிய நந்தி இருக்கிறது. அண்ணன் நந்தியிடம் கூட நிற்க மாட்டார். ஒரே மூச்சில் மேலே போய்விடுவார்.

அண்ணனுக்குப் பீடிப் பழக்கம் இருந்தது. எனக்கும் இருந்தது. பதினைந்து வயதில் அவரைப் பார்த்துத்தான் நானும் பழகினேன்.

அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயதில் இருமல் வந்தது. பிறகு இளைப்பு வந்தது. முதலில் நந்தியிடம் உட்கார்ந்தார். அடுத்த வருடம் முந்நூறு படியில் உட்கார்ந்தார். அதற்கும் அடுத்த வருடம் மலைக்கே போகவில்லை.

டாக்டரிடம் போனோம். “பீடியால் நுரையீரல் கெட்டுப் போயிருக்கிறது. பீடியை விடுங்கள்” என்றார். எப்படி விடுவது என்று அவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவேரியில் முழுகி எழுந்து, பீடிக் கட்டை ஆற்றில் வீசினார். மூன்று நாள் பீடியைத் தொடவில்லை. நான்காம் நாள் தொட்டார். அம்மன் பெயரில் சத்தியம் செய்தார். மூன்று நாள் இருந்தார். நான்காம் நாள் தொட்டார். பேரக் குழந்தையின் தலையில் கை வைத்துச் சொன்னார். அதுவும் நான்கு நாள்தான்.

ஒவ்வொரு முறையும் வீட்டில் எல்லோரும் அவரைத் திட்டினோம். அதிகம் திட்டியது நான்தான். “நீயெல்லாம் ஆம்பளையா? ஒரு பீடியை விடத் துப்பில்லையா?” என்று கேட்டேன். அப்படிக் கேட்டபோது என் சட்டைப் பையிலும் பீடி இருந்தது. எனக்கு இருமல் வரவில்லை என்ற தைரியம்.

2012ஆம் வருடம் அண்ணன் இறந்து போனார். கடைசி நாட்களில் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு மனசுல உறுதி இல்லடா தம்பி. அதான் இப்படி ஆயிட்டேன்” என்றார்.

அண்ணன் சொன்னது சரியில்லை. அது எனக்கு ஏழு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

பெட்டியில் இருந்த எண்

நம் மைசூரு மாவட்டத்துக்கும் புகையிலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஹுன்சூர், பிரியாபட்டணா, எச்.டி. கோட்டை பக்கம் போனால் வயல் வயலாகச் சிகரெட்டுப் புகையிலை நிற்கும். நகரத்திலோ வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அந்தக் கூலியில் எத்தனையோ பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். பயிர் செய்கிறவரையும் சுற்றுகிறவரையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் குடிக்கிறவருக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

2016-17இல் இந்திய அரசு நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பெரியவர்கள் 100 பேரில் சுமார் 29 பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். புகை பிடிப்பவர்களில் 100க்கு 55 பேர் அதை விட வேண்டும் என்று நினைத்தார்கள். அதாவது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மனசு இருக்கிறது. வழிதான் தெரியவில்லை.

எனக்கு வழி காட்டியது பீடிப் பெட்டிதான். சொன்னால் சிரிப்பீர்கள்.

2018 செப்டம்பர் 1 முதல் பீடி, சிகரெட்டுப் பெட்டிகளில் ஒரு தொலைபேசி எண்ணை அச்சிட வேண்டும் என்று அரசு சட்டம் கொண்டு வந்தது. பயமுறுத்தும் படத்துக்குப் பக்கத்தில் அந்த எண் இருக்கும். முன்பெல்லாம் நான் படத்தைக் கூடப் பார்க்க மாட்டேன். எழுத்துப் பழகிய பிறகு கண்ணில் பட்டதை எல்லாம் படிப்பேன். பஸ் பலகை, சுவர் விளம்பரம், மருந்துச் சீட்டு, எல்லாம் படிப்பேன். 2019ஆம் வருடம் ஒரு நாள் பீடிப் பெட்டியையும் திருப்பிப் பார்த்தேன். எண் இருந்தது. 1800-11-2356.

என் மகளிடம் கேட்டேன். “அது பீடியை விட நினைக்கிறவங்களுக்கு உதவி செய்யிற எண் அப்பா. காசு கிடையாது. கூப்பிட்டுப் பாருங்க” என்றாள்.

அந்தத் தொலைபேசிச் சேவை 2016இல் டெல்லியில் தொடங்கியது. 2018இல் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் இதில் சேர்ந்தது. அதனால் தமிழிலும், கன்னடத்திலும், மற்ற தென்னாட்டு மொழிகளிலும் பேச முடிகிறது.

நான் கூப்பிட்டேன். ஓர் அம்மா தமிழில் பேசினார்கள்.

“ஐயா, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி குடிப்பீர்கள்?”

“கண்ணைத் திறந்ததும்தான் அம்மா. பீடி பற்ற வைத்தால்தான் வெளிக்கே போக முடியும்.”

“ஒரு நாளைக்கு எத்தனை?”

“ஒன்றரைக் கட்டு.”

“முன்பு விட்டுப் பார்த்திருக்கிறீர்களா?”

“பார்த்திருக்கிறேன். மூன்று நாளுக்கு மேல் முடியவில்லை. எங்கள் குடும்பத்துக்கே மனசில் உறுதி கிடையாது அம்மா. என் அண்ணனும் இப்படித்தான்.”

அதற்கு அவர்கள் சொன்ன பதிலை நான் மறக்க மாட்டேன்.

“ஐயா, அது மனசுக் குறை இல்லை. அது ஒரு நோய். அதற்கு மருந்து இருக்கிறது.”

ஏன் நான்காம் நாள் விழுகிறோம்?

அந்த அம்மாவும், பிறகு நான் பார்த்த டாக்டரும் எனக்கு விளக்கிச் சொன்னார்கள். எனக்குப் புரிந்த வரை உங்களுக்குச் சொல்கிறேன்.

புகையிலையில் நிகோட்டின் என்ற பொருள் இருக்கிறது. பீடியை இழுத்தால் சில வினாடிகளில் அது மூளைக்குப் போய்விடும். அங்கே போய் ஒரு சுகத்தைக் கொடுக்கும். கொஞ்ச நேரத்தில் இரத்தத்தில் அது குறையும். உடனே மூளை “இன்னும் கொடு” என்று கேட்கும். இப்படியே பழகிப் பழகி, நிகோட்டின் இல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு மூளை வந்துவிடும்.

திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்? கோபம் வரும். கை பரபரக்கும். தூக்கம் வராது. வேலையில் கவனம் நிற்காது. மலச்சிக்கல் வரும். பசி அதிகமாகும். இதெல்லாம் முதல் வாரத்தில்தான் மிகக் கடுமையாக இருக்கும். அதிலும் இரண்டாம், மூன்றாம் நாள் தாங்க முடியாது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாகக் குறையும்.

என் அண்ணன் விழுந்தது எப்போது? நான்காம் நாள். நோய் மிகக் கடுமையாக இருக்கும் நேரத்தில் அவர் தனியாகப் போராடினார். பக்கத்தில் நின்ற நாங்கள் மருந்து கொடுக்கவில்லை. வசவு கொடுத்தோம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நம்மை அடிமையாக்குவது நிகோட்டின். நம்மைக் கொல்வது பெரும்பாலும் புகை. புகையில் தார் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் பல இருக்கின்றன. நெஞ்சு நோய்க்கும் புற்றுநோய்க்கும் இவையே காரணம்.

இங்கேதான் மருத்துவம் ஒரு வழி கண்டுபிடித்தது. புகை இல்லாமல், கொஞ்சம் நிகோட்டினை மட்டும் மருந்தாகக் கொடுத்தால் என்ன? மூளையின் பரபரப்பு அடங்கும். புகையின் நஞ்சு உடம்புக்குள் போகாது. பிறகு அந்த மருந்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம்.

என்னென்ன மருந்து இருக்கிறது?

முதலாவது, நிகோட்டின் சூயிங்கம். இதற்கு ஒரு கதை உண்டு. ஸ்வீடன் நாட்டில் நீர்மூழ்கிக் கப்பல் சிப்பாய்கள் இருந்தார்கள். கப்பல் தண்ணீருக்குள் போனால் புகை பிடிக்க முடியாது. அதனால் அவர்கள் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டார்கள். 1967இல் இந்த விஷயம் ஓவ ஃபெர்னோ என்ற மருந்து ஆராய்ச்சியாளருக்குத் தெரிய வந்தது. அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. நிகோட்டினை மட்டும் மெல்லும் சூயிங்கத்தில் வைத்துக் கொடுக்கும் வேலையில் இறங்கினார். 1978இல் அது மருந்தாக ஸ்விட்சர்லாந்து நாட்டில் அனுமதி பெற்றது.

இரண்டாவது, தோலில் ஒட்டும் பட்டை. மருந்துக் கடையில் பேட்ச் என்பார்கள். காலையில் தோள்பட்டையிலோ கையிலோ ஒட்டிக்கொள்ள வேண்டும். தோல் வழியாக நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக நிகோட்டின் இறங்கும். தினமும் புதுப் பட்டை, தினமும் வேறு இடம். பல் இல்லாதவர்களுக்கு இது நல்லது.

மூன்றாவது, மாத்திரைகள். புப்ரோபியான் என்று ஒரு மாத்திரை. முதலில் அது மனச்சோர்வுக்குக் கொடுத்த மருந்து. அதைச் சாப்பிட்ட சிலருக்குப் புகை பிடிக்கும் ஆசை குறைவதைக் கண்டார்கள். 1997இல் புகை நிறுத்தும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வலிப்பு நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது.

வரெனிக்ளின் என்று இன்னொரு மாத்திரை. இது 2006இல் வந்தது. இது மூளையில் நிகோட்டின் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஆசையும் குறையும். பீடி குடித்தாலும் முன்பு போல ருசிக்காது. சிலருக்குக் குமட்டல் வரும். கனவுகள் வரும். சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட்டால் குமட்டல் குறையும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சைட்டிசின் என்பது ஒரு செடியிலிருந்து கிடைக்கும் மருந்து. பல்கேரியா நாட்டில் 1964 முதல் இதைக் கொடுத்து வருகிறார்கள். 2024இல் உலக சுகாதார நிறுவனம் புகையிலையை விடுவதற்கான சிகிச்சை பற்றி முதல் முறையாக வழிகாட்டி வெளியிட்டது. நான் சொன்ன எல்லா மருந்துகளும் அதில் இருக்கின்றன.

மாத்திரைகளை நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. டாக்டர் சீட்டு வேண்டும். கர்ப்பிணிகள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள் எந்த மருந்தானாலும் டாக்டரைக் கேட்டே தொட வேண்டும்.

மருந்து எவ்வளவு உதவும்?

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். மருந்து மந்திரம் இல்லை.

பல நாடுகளில் ஆராய்ச்சி செய்து கணக்குப் பார்த்திருக்கிறார்கள். மருந்து இல்லாமல் முயன்றால், ஆறு மாதம் கழித்தும் புகை பிடிக்காமல் இருப்பவர்கள் 100க்கு சுமார் 6 பேர். சூயிங்கமோ பட்டையோ ஒன்றைப் பயன்படுத்தினால் சுமார் 9 பேர். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் சுமார் 12 பேர். வரெனிக்ளின், சைட்டிசின் மாத்திரை என்றால் சுமார் 14 பேர். அதாவது, வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. ஆலோசனையும் சேர்ந்தால் பலன் இன்னும் அதிகம்.

“நூறில் பதினாலுதானா?” என்று கேட்பீர்கள். அது ஒரு முறை முயன்றதற்கான கணக்கு. நம்மை யார் ஒரு முறையோடு நிற்கச் சொன்னார்கள்? பலர் நான்கு, ஐந்து முறை முயன்றுதான் விட்டிருக்கிறார்கள்.

மார்க்கெட்டில் பெரிய மூட்டையை ஒரே ஆள் தூக்கி முதுகில் போட்டுக்கொள்ள முடியாது. இன்னொருவர் கை கொடுத்து ஏற்றிவிடுவார். ஏற்றிவிட்ட பிறகு நடக்க வேண்டியது நாம்தான். மருந்தும் அப்படித்தான். அது கை கொடுக்கும். நடக்கிறது நம் வேலை. கை கொடுக்க ஆள் கேட்பதை எந்தச் சுமைக்காரனும் வெட்கமாக நினைப்பதில்லை.

நான் விட்ட விதம்

முதலில் நாள் குறிக்கச் சொன்னார்கள். நான் 2019 ஆயுத பூஜையைக் குறித்தேன். அன்று மூட்டைக் கொக்கிக்குப் பொட்டு வைப்போம். அன்றே பீடிக்கும் ஒரு கும்பிடு போடுவோம் என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன்பே டாக்டரைப் பார்த்தேன். அவர் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். “மெல்லுகிற அளவுக்குப் பல் இருக்கிறது” என்றார். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடி குடிப்பவர்களுக்கு 4 மில்லிகிராம் சூயிங்கம், அதற்குப் பிறகு குடிப்பவர்களுக்கு 2 மில்லிகிராம். எனக்கு 4 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்.

அதை மெல்லுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மிட்டாய் போல மென்று விழுங்கினால் விக்கல் வரும், வயிறு எரியும். முதலில் மெதுவாக மெல்ல வேண்டும். மிளகு கடித்தது போல நாக்கில் ஒரு காரம் தெரியும். உடனே மெல்லுவதை நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். மறுபடி ஒதுக்க வேண்டும். இப்படி அரை மணி நேரம். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, பழச்சாறு குடிக்கக் கூடாது. குடித்தால் மருந்து சரியாக உள்ளே இறங்காது.

முதல் ஆறு வாரம் ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒன்று. பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பன்னிரண்டு வாரத்தில் நிறுத்த வேண்டும். ஒரு நாளைக்கு 24க்கு மேல் போகவே கூடாது.

ஆசை வரும்போது அது சில நிமிடம்தான் இருக்கும் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தச் சில நிமிடத்தைக் கடத்திவிட்டால் போதும். தண்ணீர் குடிக்கலாம். மூச்சை ஆழமாக இழுத்து விடலாம். இடத்தை விட்டு எழுந்து போகலாம். நான் டீக்கடைப் பக்கம் போவதை ஒரு மாதம் நிறுத்தினேன். மலச்சிக்கலுக்கு ராகிக் களி, கீரை, வாழைப்பழம், நிறையத் தண்ணீர்.

நான்காம் நாள் வந்தது. கஷ்டம்தான். ஆனால் தாங்க முடிந்தது. அன்று இரவு அண்ணன் நினைப்பு வந்து அழுதேன்.

மூன்றாம் வாரம் தீபாவளி வந்தது. கூட்டாளிகள் கூடினோம். ஒருவர் பீடியை நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டேன். ஒன்று இரண்டாயிற்று. மறுநாள் வெட்கம் பிடுங்கித் தின்றது. “அவ்வளவுதான், நானும் அண்ணனைப் போலத்தான்” என்று உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பெங்களூரிலிருந்து தொலைபேசி வந்தது. இடையிடையே அவர்களே கூப்பிட்டு விசாரிப்பார்கள். நடந்ததைச் சொன்னேன்.

“கால் வழுக்கியது, அவ்வளவுதான். மூன்று வாரம் நடந்த தூரம் எங்கேயும் போகவில்லை. இன்றே மறுபடி தொடங்குங்கள்” என்றார்கள். அவர்கள் திட்டவில்லை. நானும் தொடங்கினேன். அன்றிலிருந்து இன்று வரை பீடியைத் தொடவில்லை.

என் மாப்பிள்ளை ஆட்டோ ஓட்டுகிறார். சிகரெட் பிடிப்பார். அவருக்குச் சூயிங்கம் ஒத்துவரவில்லை. டாக்டர் வரெனிக்ளின் மாத்திரை கொடுத்தார். சிகரெட்டை நிறுத்தக் குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே மாத்திரையைத் தொடங்கினார். பன்னிரண்டு வாரம் சாப்பிட்டார். அவரும் விட்டுவிட்டார். ஒருவருக்கு ஒத்துவராதது இன்னொருவருக்கு ஒத்துவரும். ஒன்று சரிப்படவில்லை என்றால் வேறு ஒன்றைக் கேளுங்கள்.

எதை நம்பக் கூடாது?

“சிகரெட்தான் கெடுதல், பீடி இலையில் சுற்றியது, ஒன்றும் செய்யாது” என்பார்கள். இது பொய். பீடி அடிக்கடி அணைந்து போகும். அதனால் அதை ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்கிறோம். நஞ்சும் அதிகமாக உள்ளே போகிறது.

“பீடிக்குப் பதில் புகையிலை போடு” என்பார்கள். அது வாய்ப் புற்றுநோய்க்கு வழி. “மின்சார சிகரெட் பிடி” என்பார்கள். இந்தியாவில் 2019 முதல் அதை விற்பது சட்டப்படி குற்றம். “ஒரே ஊசியில் விடலாம்”, “தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடு” என்ற விளம்பரங்களுக்கும் காசைக் கொட்டாதீர்கள்.

விட்டால் என்ன கிடைக்கும்?

கடைசி பீடியை அணைத்த 20 நிமிடத்தில் நெஞ்சுத் துடிப்பு இறங்கத் தொடங்கும். 12 மணி நேரத்தில் இரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்குக் குறையும். சில மாதங்களில் இருமலும் இளைப்பும் குறையும். ஒரு வருடத்தில் மாரடைப்பு நோய் வரும் ஆபத்து, புகை பிடிப்பவருக்கு இருப்பதில் பாதியாகும். பத்து வருடத்தில் நுரையீரல் புற்றுநோயால் சாகும் ஆபத்தும் பாதியாகும்.

“எனக்கு வயதாகிவிட்டது, இனிமேல் விட்டு என்ன?” என்று கேட்காதீர்கள். இங்கிலாந்தில் டாக்டர்களையே ஐம்பது வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். ரிச்சர்ட் டால் என்பவர் அந்த ஆராய்ச்சியை நடத்தினார். 2004இல் முடிவு வந்தது. 40 வயதில் விட்டவர்களுக்கு சுமார் 9 வருட ஆயுள் மிச்சமானது. 50 வயதில் விட்டவர்களுக்கு 6 வருடம். 60 வயதில் விட்டவர்களுக்கும் 3 வருடம். மூன்று வருடம் என்பது ஒரு பேரப்பிள்ளை பிறந்து, நடந்து, தாத்தா என்று கூப்பிடும் காலம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

தாய்மார்களே, பிள்ளைகளே! உங்கள் வீட்டில் ஒருவர் பீடியை விடப் பார்க்கிறாரா? முதல் வாரம் அவர் எரிந்து விழுவார். அது நோயின் குணம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொடுங்கள். மருந்து சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். அவர் மறுபடி பீடியைத் தொட்டுவிட்டால், “துப்பில்லையா?” என்று கேட்காதீர்கள். “நாளைக்கு மறுபடி பார்க்கலாம்” என்று சொல்லுங்கள்.

சொல்ல வேண்டிய நேரத்தில் இந்த வார்த்தையை நான் என் அண்ணனிடம் சொல்லவில்லை. அதுதான் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

எங்கே போவது?

எண் இதுதான்: 1800-11-2356. கட்டணம் இல்லை. தமிழில் பேசலாம். உங்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில்லறையாக ஒன்று இரண்டு பீடி வாங்குபவர்களுக்குப் பெட்டி கண்ணில் படாது. அவர்களுக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

நேரில் போக வேண்டுமானால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நம் ஊரில் கே.ஆர். மருத்துவமனை இருக்கிறது. கே.ஆர்.எஸ். சாலையில் மார்பு நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை இருக்கிறது. இருமலுக்கு மருந்து கேட்பதோடு நிறுத்தாதீர்கள். “பீடியை விட எனக்கு உதவி வேண்டும்” என்று வாய் திறந்து கேளுங்கள். எந்த மருந்து இலவசமாகக் கிடைக்கும் என்றும் கேளுங்கள். நாங்கள் கேட்காமல் வந்தோம். நீங்கள் கேளுங்கள்.

போன ஆடி வெள்ளியன்று நான் சாமுண்டி மலைக்குப் போனேன். இளைஞனைப் போல ஏறினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நாலு இடத்தில் உட்கார்ந்துதான் ஏறினேன். ஆனால் மேலே போய்ச் சேர்ந்தேன். அண்ணன் பெயரைச் சொல்லி ஒரு தேங்காய் உடைத்தேன்.

மனசு இல்லாதவர் யாரும் இல்லை. மருந்து தெரியாதவர்தான் இருக்கிறார்கள். தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்வோம். 

கலந்து பேசுவோம்

1. பேசியவரின் அண்ணன் எத்தனை முறை பீடியை விடப் பார்த்தார்? ஏன் முடியவில்லை?

2. நிகோட்டின் சூயிங்கத்தை எப்படி மெல்ல வேண்டும்? உங்கள் சொற்களில் சொல்லுங்கள்.

3. உங்கள் தெருவில் பீடியை விட நினைக்கும் ஒருவருக்கு நீங்கள் எப்படி உதவுவீர்கள்?

4. பெட்டியில் உள்ள எண்ணை மூன்று பேருக்கு எழுதிக் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிச் சொல்லுங்கள்.